பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: "வயது 41. பதினைந்து வருடமாகக் குடி, அதில் கடைசி நாலு வருடம் தினமும். விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை போகலாம் என்று இருக்கிறேன்."

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது. நாலு வருடமாகத் தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இருக்காது. மது மூளையை அடக்கி மந்தமாக்கும் பொருள். அதைச் சமாளிக்க மூளை எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டே பழகியிருக்கும். மதுவை எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு எல்லாம் வரும். சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு நாள், இடம் எல்லாம் குழம்பி, இல்லாத ஆட்களும் ஊர்கிற பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு ரவுண்டு தேவைப்படுகிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் பாட்டிலைத் தூக்கிப் போடும் முன் டாக்டரைப் பாருங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்றாலும், தினசரிக் குடி என்பதால் பார்ப்பதே நல்லது. சில நாட்களுக்கு அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுக்கும் மாத்திரையும் தயமின் என்கிற பி1 வைட்டமினும் சேர்ந்தால் அந்த வாரம் பெரும்பாலும் பெரிய ஆபத்தில்லாமல் கடந்துவிடும். என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சரியான அளவில் சொல்லுங்கள். குடியை விட்ட நாங்கள் எல்லோரும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறோம், அதனால் மருந்தின் அளவும் தப்பிப்போயிருக்கிறது.

அதற்காகக் கூட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்றைக்கே போகலாம். நீங்கள் கேட்கும் அந்தக் கூட்டங்களை நடத்தும் அமைப்புதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. சேர்வதற்கு அது வைத்திருக்கும் ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

சரி, எப்படித் தேடுவது? முகவரி தேடுவது பத்து நிமிட வேலை. ஏ.ஏ. சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. அதன் தலைமை இணையதளத்தில் நாட்டையோ ஊரையோ கொடுத்தால் அந்தப் பகுதியைக் கவனிக்கும் அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரும். 'இன்டர்குரூப்' என்பார்கள், 'சென்ட்ரல் ஆபீஸ்' என்பார்கள், 'ஜெனரல் சர்வீஸ் ஆபீஸ்' என்பார்கள். பெயர் எதுவானாலும் உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான். 'மீட்டிங் கைடு' என்று ஏ.ஏ.வே நடத்தும் இலவச ஆப் ஒன்றும் உண்டு. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் காட்டும். எல்லா நாட்டுக் குழுக்களும் அதில் ஏறவில்லை, அதனால் ஆப் காலியாக இருந்தால் ஊரில் கூட்டமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவில் இருக்கும் அறிவிப்புப் பலகையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

கூகுளில் வெறுமனே தேடும்போது ஒன்றில் கவனம் வேண்டும். மேலே வரும் முதல் இரண்டு மூன்று முடிவுகள் பெரும்பாலும் விளம்பரம். '24 மணி நேர உதவி எண்' என்று போட்டிருக்கும். பேசினால் அன்பாகத்தான் பேசுவார்கள், ஐந்து நிமிடத்தில் இன்சூரன்ஸ் இருக்கிறதா, அட்வான்ஸ் எவ்வளவு கட்ட முடியும் என்று வந்து நிற்கும். அது ஏதோ தனியார் சிகிச்சை மையத்துக்கு ஆள் பிடிக்கும் எண். சிகிச்சை மையம் தேவைப்படுகிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம். ஏ.ஏ.வில் கட்டணமே கிடையாது. பணம் பற்றிக் கேட்டால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது ஏ.ஏ. ஆளிடம் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பட்டியலில் இருக்கும் முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். முதலில் ஃபோன் பண்ணுங்கள்.

நான் முதல் தடவை போனது ஒரு பழைய பட்டியலைப் பார்த்து. சாயங்காலம் ஏழு மணி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கட்டடம். தெருமுனையிலேயே இருபது நிமிடம் நின்று, ஒருவழியாகத் தைரியம் வந்து உள்ளே போனால் கதவில் பூட்டு. குழு இடம் மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது, பட்டியலை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. விடுதலை கிடைத்தது போல இருந்தது! 'நான் போனேன், அவர்கள்தான் இல்லை' என்று சொல்லிக்கொண்டு நேராக பாருக்குப் போனேன். அடுத்த முயற்சிக்கு ஒன்றரை வருடம் ஆனது. குடிநோய்க்கு இப்படி ஒரு சின்னச் சாக்கு போதும். குழுக்களை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இல்லை, உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள்தான். இடத்துச் சாவி வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் கூட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போகும். விடுமுறை நாள் என்றால் இடமே மாறும்.

ஏ.ஏ. எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் முறை இப்போது வாரத்தில் ஒரு நாள் எனக்கு வருகிறது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும். மணி அடிக்கும், எடுப்பேன், எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம், "சார், இது அந்த... ஏ.ஏ. நம்பரா?" "ஆமாங்க, சொல்லுங்க." "என் ஃப்ரெண்டு ஒருத்தருக்காகக் கேக்கறேன்." இந்த ஃப்ரெண்டை எங்களுக்கு ரொம்பக் காலமாகத் தெரியும். இடம், நேரம், எந்த வாசல் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், நாற்காலியெல்லாம் வட்டமா போட்டிருப்பீங்களா?" வட்டமாகப் போட்டால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்களே என்ற பயம். "வரிசையாத்தான் இருக்கும், கதவு பக்கத்துல ஒண்ணு உங்க ஃப்ரெண்டுக்குப் போட்டு வைக்கிறேன்" என்றேன். வந்தார், அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

நீங்களும் இப்படியே கேளுங்கள். இன்றைக்குக் கூட்டம் நிச்சயம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி, புதிதாக வருகிறவர்களைப் பார்க்க யாராவது வெளியே நிற்பார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் ஒருவர் கால் மணி நேரம் முன்னதாக வந்து உங்களோடு சேர்ந்தே உள்ளே நடப்பார். ஃபோனில் பெயர் சொல்ல வேண்டாம், சொன்னாலும் முதல் பெயர் போதும்.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. ஏ.ஏ. பிறந்ததே ஒரு ஃபோன் காலில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். குடியை நிறுத்தி ஐந்து மாதமே ஆன பில் வில்சன் என்ற பங்குச்சந்தை ஆள், வந்த வியாபாரம் கவிழ்ந்துபோய் மேஃப்ளவர் ஹோட்டல் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும். பாருக்குப் போகாமல் இருக்க இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த வழியில் ஒரு பெண்மணி மூலம் மறுநாள் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிவிட்டு இரவில்தான் கிளம்பினார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10தான் ஏ.ஏ.வின் பிறந்த நாள். ஆக, பட்டியலை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி எண்களை அழுத்துவது உங்களோடு தொடங்கிய விஷயம் இல்லை.

பட்டியலைப் படிக்கும்போது இரண்டு சொற்களைப் புரிந்துகொண்டால் போதும். 'ஓப்பன்' என்றால் யாரும் வரலாம்: மனைவி, அண்ணன், மாணவர்கள், சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர்கள். 'க்ளோஸ்டு' என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கும் அதை நிறுத்த விரும்புகிறவர்களுக்கும் மட்டும். பலர் 'ஓப்பன்' தான் புதியவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். நீங்கள் இரண்டுக்கும் போகலாம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவருக்கு 'க்ளோஸ்டு' இன்னும் வசதி. பெண்களுக்கு மட்டும், புதியவர்களுக்கு மட்டும், 'பன்னிரண்டு படிகள்' என்று குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் வழிமுறைகளைப் படிக்கும் கூட்டம், ஒருவர் மட்டும் தன் கதையைச் சொல்லும் கூட்டம் என்றும் வகைகள் இருக்கும். தேவாலயத்து அறை, பள்ளிக்கூடம், சமூகக் கூடம் என்று எங்கே வாடகைக்குக் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். இடத்தை வைத்து மதத்தை முடிவு செய்யாதீர்கள்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? பார்த்தால் அவரும் அங்கேதானே இருக்கிறார். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நடக்கிறது. என் பழைய அலுவலகத்து மேலதிகாரி ஒருவரை நான் அப்படித்தான் பார்த்தேன். இருவரும் ஒரு நொடி திகைத்தோம், பிறகு அவர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். உள்ளே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம், பெரும்பாலும் அது காப்பாற்றப்படுகிறது. ஆனால் இது வழக்கம்தான், சட்டம் இல்லை. மருத்துவருக்கு இருக்கும் சட்டப்படியான ரகசியக் கடமை பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிடையாது. குடியைப் பற்றி, அது செய்த நாசத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். வழக்கு, கணக்கு முறைகேடு மாதிரி விஷயங்களை வழக்கறிஞருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. ஒருவர் முன்னுரை படிப்பார். புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள், கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். பிறகு ஒவ்வொருவராகப் பகிர்ந்துகொள்வார்கள். பேசுகிறவரை யாரும் இடைமறிக்க மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். முதல் நாள் எனக்கு விசித்திரமாக இருந்தது இதுதான். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வருடக்கணக்காக எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருவர், மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் குடித்ததைப் பற்றிச் சொல்கிறார், யாரும் முகம் சுளிக்கவில்லை. நான்கு பேர் தலையை மட்டும் ஆட்டினார்கள். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் அதிலிருந்துதான் செலவு செய்வார்கள், வெளியிலிருந்து நன்கொடை வாங்குவதில்லை. முதல் தடவை வருகிறவர் போட வேண்டாம் என்று பல இடங்களில் அவர்களே சொல்வார்கள். வருகைப் பதிவேடு, விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை.

முடிந்ததும் ஓடிவிடத் தோன்றும். பத்து நிமிடம் நில்லுங்கள். நாற்காலி மடக்கும் அந்த நேரத்தில்தான் இரண்டு மூன்று பேர் வந்து ஃபோன் நம்பர் கொடுப்பார்கள். கூட்டத்தில் கேட்டதைவிட அந்த நம்பர்தான் இரவு பதினோரு மணிக்கு உபயோகப்படும்.

கடவுள் விஷயத்துக்கு வருவோம். மறைப்பதற்கு இல்லை, பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுளோ 'நம்மைவிட மேலான சக்தி'யோ வருகிறது. 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை இல்லாத பலர் அந்தக் குழுவையே மேலான சக்தியாக எடுத்துக்கொண்டு பல வருடங்களாகக் குடிக்காமல் இருக்கிறார்கள். பிரார்த்தனை வரும்போது எழுந்து நின்று சும்மா இருப்பேன், அவ்வளவுதான். அது கூட ஒத்துவரவில்லை என்றால் ஏ.ஏ.விலேயே நாத்திகர்களும், கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்பவர்களும் நடத்தும் கூட்டங்கள் இருக்கின்றன. வெளியே 1994இல் தொடங்கிய 'ஸ்மார்ட் ரெகவரி' இருக்கிறது. சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் மனநலச் சிகிச்சை முறைகளை ஒட்டிய பயிற்சி அது, கடவுளும் இல்லை, 'நான் குடிநோயாளி' என்ற அறிமுகமும் இல்லை. 'லைஃப்ரிங்' என்று மதச்சார்பற்ற குழு ஒன்றும், பெண்களுக்காக 1970களில் ஜீன் கர்க்பாட்ரிக் தொடங்கிய 'விமன் ஃபார் சோப்ரைட்டி'யும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஏ.ஏ. அளவுக்கு எல்லா ஊரிலும் கிளை கிடையாது, ஆனால் ஆன்லைனில் சேரலாம். என் கருத்தைக் கேட்டால், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஏ.ஏ. ஒன்று, மனசுக்குப் பிடித்த ஆன்லைன் குழு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் தாலி கட்டிக்கொள்ளும் சமாசாரம் எதுவும் இல்லை.

பயன் இருக்கிறதா என்றால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு அலசியது. ஏ.ஏ.வில் ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகளில் சுமார் 35. மந்திரம் ஒன்றும் இல்லை, இலவசமாகக் கிடைப்பதில் இது மோசமும் இல்லை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போவதும் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. "மாத்திரையை எல்லாம் நிறுத்து, படிகள் போதும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்த வெளியீடுகளே சொல்கின்றன. கடன் கேட்பவர், வியாபாரத்தில் சேரச் சொல்பவர், புதிதாக வந்த பெண்ணை 'வழிகாட்டுகிறேன்' என்று தனியாகக் கூப்பிடுபவர், எல்லோரும் உண்டு. பெண்கள் ஸ்பான்சராகப் பெண்ணையே வைத்துக்கொள்வது என்ற பழைய வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. ஸ்பான்சர் என்றால் பணம் கொடுப்பவர் இல்லை, படிகளை நம்மோடு உட்கார்ந்து செய்யும் மூத்த உறுப்பினர். முதல் வாரமே அவசரப்பட்டு யாரையும் பிடிக்க வேண்டாம்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூட்டம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக் குழு வயதானவர்களின் அரட்டையாக இருக்கும், அதே இடத்தில் வியாழக்கிழமைக் குழு வேறு உலகமாக இருக்கும். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு, மொத்தம் ஆறு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று சிலர் சொல்வார்கள். முடிந்தவர்களுக்கு நல்லது, முடியாதவர்கள் அதற்காகக் குற்றவுணர்ச்சியில் குடிக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்றால் ஜூமில் இரவு பகல் பாராமல் ஏதாவது ஒரு மூலையில் கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. கேமராவை அணைத்து வைக்கலாம், திரையில் இருக்கும் பெயரை மட்டும் உள்ளே போகும் முன் மாற்றிவிடுங்கள். அலுவலக லேப்டாப்பில் முழுப் பெயரும் நிறுவனப் பெயருமாக வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டு. 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து தொடங்கிய அல்-அனான் அது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன். உங்களைத் திருத்துவது எப்படி என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். நீங்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவர்கள் மூச்சுவிடுவது எப்படி என்பதுதான் பேச்சு. உங்கள் மனைவிக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள், போகச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் ஃபோனில் எல்லோரும் கடைசியாகக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: குடித்துவிட்டுப் போகலாமா? போகலாம். வாசனையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அந்த அறையில் அது யாருக்கும் புதிதல்ல. குடித்திருக்கும் அன்று பேச மட்டும் வேண்டாம் என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கதவு பக்கத்தில் உட்காருங்கள். வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஃபோனில் சொன்னால் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்வார்கள்.